கும்மந்தான் கையில் கிஸ்தி: கான்சாகிபு நெல்லைச் சீமையை ஆண்ட விதம்

மதுரையில் கான்சாகிபு என்ற யூசுப் கானுக்குப் பெயர் நிற்கிறது. கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது, கான்பாளையம் இருக்கிறது, சம்மட்டிபுரத்தில் அவரைப் புதைத்த இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் தாண்டி நம்ம பக்கம் வந்தால் அதே பெயர் வேறு மாதிரி காதில் விழும். வாசுதேவநல்லூருக்கும் நெற்கட்டும்செவலுக்கும் அவர் பீரங்கி இழுத்துக்கொண்டு கோட்டையை இடிக்க வந்த ஆள். வருஷா வருஷம் செப்டம்பர் 1 அன்று நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவருக்கு மாலை போடப் போகிறவர்கள் கான்சாகிபை நினைத்தால் எதிராளியாகத்தான் நினைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரனை முதலில் எதிர்த்தவர் என்ற பட்டத்தை இரண்டு பேருக்குமே கேட்கிறார்கள். அந்த இருவரோ ஐந்தாறு வருஷம் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டியவர்கள்.

இந்தப் பட்டப் போட்டியில் ஒரு கேள்வி அமுங்கிப் போய்விடுகிறது. சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய ஒரு சிப்பாய், பத்து வருஷத்துக்குள் மதுரை, திருநெல்வேலி இரண்டு சீமைக்கும் அதிபதியானது எப்படி? அவருக்கு ராஜ வம்சம் கிடையாது, பாளையம் கிடையாது, பின்னால் நிற்கப் பெரிய உறவுக் கூட்டமும் கிடையாது. வீரம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். வீரம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்துத் தென்சீமையில் வீரனுக்குப் பஞ்சமே இல்லை. விடை கிஸ்தியில், அதாவது வரிப் பணத்தில், இருக்கிறது என்பது என் கட்சி. அப்போது இங்கே வரி வசூலும் படை நடத்துவதும் ஒரே வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கும்பினியிடம் அவர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஏறியதும் அதனால், கெட்டதும் அதனால்.

நஞ்சை ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம்

1750 வாக்கில் சீமை எப்படிக் கிடந்தது என்று பார்த்தால்தான் இது விளங்கும். தாமிரபரணிக் கரையில் பாபநாசம் தொடங்கி ஆழ்வார்திருநகரி தாண்டும் வரை நஞ்சை. காரும் பிசானமுமாக இரண்டு போகம். சர்க்காருக்குக் காசு என்றால் முக்கியமாக இந்த நெல்தான். வடக்கிலும் கிழக்கிலும் கரிசல். அங்கே எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்று தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். மேற்கே மலையடிவாரம் நெடுக சேத்தூர், சிவகிரி, நெற்கட்டும்செவல், ஊத்துமலை, சொக்கம்பட்டி என்று மறவர் பாளையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்கோட்டை, சுற்றிலும் முள்காடு, கொம்பு ஊதினால் வேலும் வளரியுமாக வந்து நிற்கும் ஆட்கள்.

பாளையக்காரர் மேலே கப்பம் கட்ட வேண்டும். கட்டுவதும் கட்டாததும் கேட்க வருகிறவனின் பலத்தைப் பொறுத்தது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் பாளையத்துக்கு வெளியே இருக்கும் சர்க்கார் ஊர்களிலும் பாளையக்காரர் காவல் பணம் வாங்கினார். தேசகாவல் என்று பெயர். களவு போகாமல் பார்த்துக்கொள்வதற்கான கூலி அது. கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே ஆற்றங்கரைச் சம்சாரி களத்தில் நெல்லைக் குவித்தால் பங்கு கேட்டு இரண்டு தரப்பு வந்து நின்றது: காகிதத்தில் உரிமை உள்ளவர் ஒருவர், பக்கத்துக் காட்டில் ஆள் வைத்திருப்பவர் ஒருவர்.

காகிதத்தில் உரிமை ஆற்காட்டு நவாபுக்கு. மதுரை நாயக்கர் ஆட்சி 1730-களில் முடிந்ததும் அவர்கள் சொத்து தனக்கு வந்தது என்று ஆற்காடு சொல்லிக்கொண்டது. ஆனால் ஆற்காட்டிலேயே அடிதடி. 1749-இல் ஆம்பூர்ச் சண்டையில் நவாப் அன்வருதீன் செத்தார். அவர் மகன் முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் வாரிசுப் போர். ஒருவருக்குப் பின்னால் இங்கிலீஷ் கும்பினி, மற்றவருக்குப் பின்னால் பிரெஞ்சுக் கும்பினி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது அவர் சண்டையின் செலவெல்லாம் கும்பினிப் பேரேட்டில் கடனாக ஏறியது. கடனை அடைக்க அவர் கைகாட்டிய இடங்களில் ஒன்று, அவர் ஒழுங்காக ஒரு வருஷம்கூட வசூலித்திராத இந்தத் தென்சீமை.

வராத வரியைக் காட்டி வாங்கிய கடன். அதை வசூலிக்க யாராவது படையோடு போயாக வேண்டும்.

வண்டிகளைக் கொண்டு சேர்த்தவர்

யூசுப் கான் பிறந்தது இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்றும், வெள்ளாளர் வீட்டுப் பிள்ளை, மருதநாயகம் என்று பெயர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சின்ன வயதில் வீட்டை விட்டுப் போய் இஸ்லாத்தில் சேர்ந்தார், பல பேரிடம் சேவகம் பார்த்தார். அவர் பெயர் கும்பினிக் காகிதங்களில் பளிச்சென்று வருவது 1752-க்கும் 1754-க்கும் இடையில், திருச்சிப் போரில். அப்போது அவரை ‘நெல்லூர் சுபேதார்’ என்பார்கள்.

அவர் அங்கே செய்த பெரிய காரியம் கோட்டைச் சுவர் ஏறியது கிடையாது. முற்றுகையில் கிடந்த படைக்குச் சோறு கொண்டு வந்ததுதான். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமைக் காட்டு வழியாக அரிசி மூட்டைகளும் மாடுகளும் வர வேண்டும். மைசூர்க் குதிரைப்படையும் பிரெஞ்சுக்காரரும் வழியை அடைத்து நிற்கிறார்கள். எந்த இரவில் எந்தப் பாதை, எந்த ஊரில் யாரைக் கேட்டால் சேதி சரியாக வரும், வண்டி மாடு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சண்டையில் வெட்டிக் குத்தியவனைத்தான் பாட்டில் வைப்பார்கள், அரிசி மூட்டை சேர்த்தவனை வைக்க மாட்டார்கள். ஆனால் பின்னால் நெல்லைச் சீமையில் அவருக்குக் கைகொடுத்தது இந்த வித்தைதான்.

பொறாமையும் கூடவே வந்தது. தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஒரு துபாஷி, யூசுப் கான் மைசூர்க்காரரோடு உள்கை வைத்திருக்கிறார் என்று பொய்க் கடிதம் ஜோடித்தான். விசாரணையில் குட்டு உடைந்து, துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். 1754-இல் யூசுப் கான் கும்பினியின் சிப்பாய்கள் எல்லாருக்கும் தலைவரானார். அந்தக் கமாண்டன்ட் பதவியைத்தான் நம்மவர்கள் கும்மந்தான் என்றார்கள். அடுத்த வருஷம் தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள்.

1755 மார்ச்சில், பிசானம் அறுவடை நேரத்தில், கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை முதன்முறையாகத் திருநெல்வேலிக்கு வந்தது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். கும்மந்தானும் சிப்பாய்களோடு வந்தார். வந்த வேலை வசூல். எட்டயபுரத்துப் பக்கமும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமும் ஏதோ கொஞ்சம் தேறியது. நெற்கட்டும்செவலில் புலித்தேவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஹெரானிடம் சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி இல்லை, படைக்குச் சாப்பாடும் இல்லை என்பது கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெரான் பேரம் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். போகிற வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையை மறித்து நொறுக்கினார்கள். மதுரைப் பக்கம் ஒரு கோயிலில் படை தூக்கி வந்திருந்த சாமி சிலைகளை மீட்டுக்கொண்டு ‘சாமி, சாமி’ என்று கத்தியபடி போனார்கள். ஊருக்குப் போன ஹெரானைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஹெரானின் தோல்விதான் யூசுப் கானுக்குக் கதவு திறந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பாசறையோடு வந்து மிரட்டிவிட்டுப் போனால் இந்தச் சீமையில் கிஸ்தி வராது என்று சென்னைக்குப் புரிந்தது. மாபூஸ்கானை வரிக் குத்தகைதாரர் ஆக்கியும் பார்த்தாகிவிட்டது. அவரிடம் பெயர் இருந்தது, படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. சம்பளம் இல்லாத படை வசூலுக்குப் போகாது, வசூல் இல்லாமல் சம்பளம் கொடுக்க முடியாது. கடைசியில் மாபூஸ்கான் புலித்தேவரோடேயே சேர்ந்துவிட்டார். நவாபின் அண்ணன், நவாபுக்குக் கப்பம் கட்டாதவரின் பாளையத்தில்! இதில் யார் அரசு, யார் கலகக்காரர் என்று பிரிக்கப் போனால் தலை சுற்றும்.

1756-இல் யூசுப் கான் தனிப் பொறுப்பில் வந்தார். 1757-இல் மதுரைக் கோட்டையை மீட்கக் கேப்டன் கலியோவும் அவரும் சேர்ந்து பாடுபட்டும் கடைசியில் உள்ளே இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் கதவு திறந்தது. அதற்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னை மேல் பாய, 1758-இல் கும்மந்தானை வடக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். லாலியின் முற்றுகைப் படைக்கு வரும் தானியத்தையும் மாட்டையும் வெளியிலிருந்து மடக்குவதுதான் அங்கே அவர் வேலை. திருச்சியில் காத்த வித்தை, சென்னையில் மறிக்கும் வித்தை ஆயிற்று.

அவர் இல்லாத மாதங்களில் தெற்கே நடந்ததுதான் அவருடைய விலையைக் காட்டியது. கோட்டைச் சுவருக்கு வெளியே கும்பினிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பாளையக்காரர்கள் சர்க்கார் ஊர்களுக்குள் புகுந்துவிட்டார்கள். வசூல் நின்றது.

கவர்னர் ஆன கும்மந்தான்

1759-இல் அவர் திரும்பி வந்தபோது வெறும் தளபதியாக வரவில்லை. நவாபுக்கு மனமில்லாவிட்டாலும், மதுரை, திருநெல்வேலி இரண்டையும் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்கு அவருக்கே குத்தகைக்கு விட்டது கும்பினி. கவனியுங்கள், இங்கே யாரும் அரண்மனைக்குள் புகுந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. ராணுவத் தளபதி அதிகாரத்துக்கு வந்தார் என்றால் இந்தக் காலத்தில் விடிகாலையில் டாங்கி, வானொலியில் அறிவிப்பு என்று மனம் போகும். இவர் ஏறியது ஒரு குத்தகைச் சீட்டில். குத்தகைப் பணத்தைக் கட்டிவிட்டால் மீதி வரும்படியும், அதை வைத்துத் திரட்டும் படையும், படை இருக்கும் இடத்தில் நடக்கும் நியாயமும் தண்டனையும் எல்லாம் அவர் கை.

அடுத்த இரண்டு வருஷம் அவர் மேற்குப் பாளையங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் சண்டைக்குப் போகவில்லை. புலித்தேவருக்குத் துணையாக இருந்த திருவாங்கூரைத் தன் பக்கம் இழுத்தார். களக்காட்டு நிலத்தின் மேல் திருவாங்கூருக்கு இருந்த ஆசை அதற்கு உதவியது. திருவாங்கூர் படையோடு சேர்ந்து வடகரையை அடித்தார். பிறகு 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர்.

வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்கோட்டை என்றதும் மழைக்குக் கரையும் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. இறுகிப் பாறையாய்ப் போன கனத்த மண் மதில். சின்னக் குண்டு அதில் புதையுமே தவிர உடைக்காது. அதைத் தாண்டி முள்வேலி, அதையும் தாண்டிக் காடு. சில வருஷம் கழித்து, 1767-இல், கர்னல் டொனால்ட் காம்ப்பெல் இதே கோட்டையை அடிக்க வந்தபோது கண்டதை எழுதி வைத்தார். பீரங்கி மதிலில் ஓட்டை போடப் போட, உள்ளே இருந்தவர்கள் குண்டுமழையிலேயே நின்று பனைமரத் துண்டும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்களாம். விழுந்தவன் இடத்துக்கு அடுத்தவன் வந்தான் என்று எதிரியே வியந்திருக்கிறார். 1759-இல் யூசுப் கானும் போதிய பீரங்கி பலம் இல்லாமல் அங்கே முட்டி மோதித் திரும்பியவர்தான்.

இடையில் 1760-இல் இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியில் படையிறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தார்கள். கும்மந்தான் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரோடு சேர்ந்து அவர்களை வந்த வழியே விரட்டினார். கட்டபொம்மன் பரம்பரையும் கும்பினித் தளபதியும் ஒரே அணி! பின்னால் 1799-இல் நடந்ததை மட்டும் வைத்து முன்கதையையும் எழுதிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

1761-இல் அவர் மறுபடி வந்தபோது கையில் கனத்த பீரங்கிகள் இருந்தன. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன. (இந்தப் பனையூர் நம்ம மேற்குச் சீமையில் உள்ளது, அவர் பிறந்த ஊர் இல்லை.) புலித்தேவர் கடலாடிப் பக்கம் போனார். அவர் கதையைச் சங்கரன்கோவிலில் வேறு மாதிரி முடிப்பார்கள்: கோயிலுக்குள் சாமி கும்பிடப் போனவர் ஜோதியில் கலந்தார் என்று. அங்கே புலித்தேவர் பேரில் ஓர் அறையே உண்டு.

ஆட்சி எப்படி இருந்தது? கடுமையாக இருந்தது. வழிப்பறியில் பிடிபட்டவர்களுக்குத் தூக்கு. அதே சமயம் குளம், கால்வாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியத்தைத் திருப்பிக் கொடுத்தார். நெசவாளர்களுக்கு ஆதரவாக இருந்தார். இதைத் தரும சிந்தை என்று பாராட்டலாம். எனக்கு இது கணக்குத் தெரிந்தவரின் வேலையாகவும் படுகிறது. குளம் நிரம்பினால்தான் பிசானம், பிசானம் விளைந்தால்தான் கிஸ்தி. ஆற்றங்கரைச் சம்சாரியிடம் பங்கு கேட்ட இரண்டு தரப்பில் ஒன்றை அவர் ஒடுக்கினார். தன் பங்கு பெருகும்படி மற்றதையும் பார்த்துக்கொண்டார். இந்தச் சீமைக்கு நெடுநாளைக்குப் பிறகு கிடைத்த ஒரே எஜமான் அவர். அதைச் சம்சாரி ஒரு விதமாகவும் பாளையக்காரர் ஒரு விதமாகவும் நினைவில் வைத்ததில் ஆச்சரியமில்லை.

கட்ட வந்த பணத்தை வேண்டாம் என்றார்கள்

1761-இல் நான்கு வருஷக் குத்தகைக்கு வருஷத்துக்கு 7 லட்சம் தருகிறேன் என்றார். முன்பு கட்டியதைவிட 2 லட்சம் கூடுதல். கும்பினி ஏற்கவில்லை. வட்டிக்கு அலையும் வியாபாரக் கும்பினி வலிய வந்த பணத்தை ஏன் தட்டியது?

அந்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் இல்லாத தென்னாட்டில் சிறந்த தளபதியின் அவசியம் குறைந்துபோனது. கும்பினிக்கு மலை போல் கடன்பட்டிருந்தவரோ நவாப் முகமது அலி. கடனாளிக்குச் சீமை கையில் இருந்தால்தான் கடன் திரும்பும். நவாபின் கண்ணில் யூசுப் கான் தன்னைத் தாண்டிச் சென்னையோடு நேராகக் கணக்கு வைத்துக்கொண்ட வேலைக்காரன். இனி அவர் நவாபின் ஆள், பணமும் கணக்கும் நவாபிடம்தான் என்று கும்பினி தீர்த்துவிட்டது. கோட்டை கோட்டையாக ரத்தம் சிந்திப் பிடித்த சீமையில், காகிதம் மட்டும் வைத்திருந்தவரிடம் கைகட்டி நிற்க வேண்டும். அதோடு 1762-இல் அவர் திருவாங்கூர் மேல் படையெடுத்தது நவாபுக்கு நல்ல சாக்கு ஆனது. வந்து முகத்தைக் காட்டு என்று அழைத்தார்கள், அவர் போகவில்லை. போனால் திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்திருக்கும்.

1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ஷான் என்பவர் தலைமையில் பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் பேர் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. அதில் முகமது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரான்சும் ஒப்புக்கொண்டது. சேதி கப்பலேறி வர மாதக் கணக்கில் ஆகும். எந்தக் கொடியை நம்பி ஏற்றினாரோ அந்தக் கொடிக்காரன் அதற்குள் எதிராளியோடு கைகுலுக்கியாகிவிட்டது.

மதுரை முற்றுகை 1763-இல் தொடங்கி, மழைக்கு நின்று, 1764-இல் மறுபடி நடந்தது. ஜூன் மாதம் கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். மேஜர் பிரெஸ்டன் படுகாயப்பட்டுச் செத்தார். அதற்கப்புறம் சண்டையை விட்டுவிட்டுப் பட்டினி போட்டார்கள். அந்த வருஷம் பாளையங்கோட்டையும் கும்பினி வசமானது. அதோடு தாமிரபரணி நெல்லும் போயிற்று. நெல் போனால் சம்பளம் போயிற்று. இராமநாதபுரமும் சிவகங்கையும் முற்றுகையிட்டவர்கள் பக்கம் நின்றன. அவர் நசுக்கிய மேற்குப் பாளையங்களிலிருந்து கைகொடுக்க வர யாருக்கும் காரணம் இல்லை. வம்சம் உள்ள பாளையக்காரர் தோற்றால் காட்டுக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பலாம். புலித்தேவர் ஆட்கள் அப்படித்தான் திரும்பினார்கள். குத்தகையில் ஏறியவருக்குப் போக இடம் கிடையாது.

அக்டோபரில் அவருடைய திவான் சீனிவாசராவும், ஹக்கீம் பாபா சாகிபும், மார்ஷானும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டிக் கும்பினியிடம் ஒப்படைத்தார்கள். படைத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரத்தில் நவாப் அவரைத் தூக்கில் போட்டார். உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். பாளையங்கோட்டைக்கும் ஒரு துண்டு வந்தது என்பார்கள். செத்துவிட்டார் என்பதைத் திருநெல்வேலிக்குக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு கிஸ்தி நேராகிவிட்டதா என்றால், இல்லை. பாளையக்காரர்கள் கோட்டைக்குத் திரும்பினார்கள். 1767-இல் காம்ப்பெல், 1783-இல் புல்லர்டன் என்று படை மேல் படையாக வந்துகொண்டிருந்தது. நவாபின் கடன் குறையவே இல்லை. 1781-இல் சீமையின் வரும்படியையே கும்பினிக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் கும்பினி ஒரு பாடம் கற்றிருந்தது. படையையும் பேரேட்டையும் ஒரே ஆள் கையில் அது மறுபடி கொடுக்கவில்லை. 1798-இல் பாஞ்சாலங்குறிச்சியிடம் கிஸ்தி பாக்கி கேட்டுத் தொல்லை கொடுத்தவர் கலெக்டர் ஜாக்சன். 1799-இல் பீரங்கியோடு வந்தவர் மேஜர் பானர்மன். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு, பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க உத்தரவு போட்டுவிட்டுப் பானர்மன் போய்விட்டார். கணக்குப் புத்தகத்தோடு கலெக்டர் லூஷிங்டன் இருந்தார். அடுத்த சில வருஷங்களில் தேசகாவல் பணத்தையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது.